‘உள்ளிட்ட’வா, ‘போன்ற’வா?

வணக்கம் நேயர்களே.

முப்பது வருடம் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவன் நான். அதற்குள் பாடப்புத்தகம் பல முறை மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஜூன் மாதம் கட்டுக் கட்டாகப் புத்தகம் வந்து இறங்கும். கட்டைப் பிரித்து, புது மையின் வாசனையோடு பக்கங்களைப் புரட்டி, “அட, இந்தப் பாடத்தைத் தூக்கிட்டாங்களே” என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வோம். தூக்கியது யார், ஏன் தூக்கினார் என்று எங்களில் ஒருவரும் விசாரித்ததில்லை. விசாரிக்க ஓர் இடம் இருக்கும் என்றே தோன்றியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, 2022-ல், ஆறு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று டெக்சாஸ் போனேன். ஆஸ்டின் பக்கம். பேத்தி அங்கே பப்ளிக் ஸ்கூலில் படிக்கிறாள். நம் ஊரில் பப்ளிக் ஸ்கூல் என்று பெயர்ப்பலகை இருந்தால் கட்டணம் அதிகம் என்று பொருள். அங்கே அது அரசுப் பள்ளி, கட்டணம் கிடையாது.

பழக்கதோஷம், போய் இறங்கிய வாரமே அவள் பையைத் துழாவினேன். சமூகப் பாடப் புத்தகம் என்று ஒன்று கைக்கு வரவில்லை. “அப்புறம் எதை வைத்து நடத்துகிறார்கள்?” என்று மகளைக் கேட்டேன். அவள் மடிக்கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். வகுப்பு வாரியாக, எண் போட்ட வரிகள். படமில்லை, கதையில்லை. மாணவர் இதை அடையாளம் காண வேண்டும், இதை விவரிக்க வேண்டும், இதை விளக்க வேண்டும் என்று வரிசையாகப் போகிறது. இதைச் சுருக்கமாக ‘டீக்ஸ்’ என்கிறார்கள். டெக்சாஸின் இன்றியமையாத அறிவும் திறன்களும் என்று விரித்துச் சொல்லலாம். புத்தகம், பயிற்சித்தாள், மாநிலத் தேர்வு எல்லாம் இந்த வரிகளிலிருந்துதான் பிறக்கின்றன. தேர்வில் இந்த வரிகளுக்கு வெளியே கேள்வி வராது.

இந்த வரிகளை எழுதுவது யார்? வாஷிங்டன் இல்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது; அதனால் அது மாநிலங்களின் சொத்து. ஒவ்வொரு மாநிலமும் கல்வித் தரநிலைகளை வைத்திருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. ஆனால் இன்னதைத்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த மத்திய அரசுக்கு அதே சட்டம் தடை போடுகிறது. 2010-ல் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ‘காமன் கோர்’ என்று ஒரு பொதுத் தரநிலை வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்தன. டெக்சாஸ் சேரவில்லை. போதாக்குறைக்கு 2013-ல், இனியும் சேரக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள்.

டெக்சாஸில் கடைசி முடிவு மாநிலக் கல்வி வாரியத்தின் கையில். பதினைந்து உறுப்பினர்கள். பதினைந்து பேரும் தேர்தலில் நின்று, கட்சிச் சின்னத்தோடு வாக்குக் கேட்டு ஜெயித்து வருகிறவர்கள். பதவிக்காலம் நான்கு ஆண்டு, சம்பளம் கிடையாது. கல்வியாளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. 2009 வரை தலைவராக இருந்த டான் மெக்லிராய் தொழிலால் பல் மருத்துவர். நம் ஊர்க் கவுன்சிலர் தேர்தல் போல ஒன்றை நடத்தி, ஜெயித்தவர்களிடம் வரலாற்றுப் பாடத்திட்டத்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பாடத்தைச் சீராய்வுக்கு எடுக்கிறார்கள். பெரும்பாலும் ஆசிரியர்கள் இருக்கிற பணிக்குழுக்கள் வரைவு எழுதுகின்றன. வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. வாரியம் விசாரணை நடத்துகிறது. பெயர் கொடுத்த யாரும் போய் ஓரிரு நிமிடம் பேசலாம். முதல் வாசிப்பில் ஒரு வாக்கெடுப்பு, மாநில அரசிதழில் வெளியீடு, மறுபடி கருத்துக் கேட்பு, இரண்டாம் வாசிப்பில் கடைசி வாக்கெடுப்பு. நடுவில் எந்த உறுப்பினரும் எந்த வரியிலும் திருத்தம் கொண்டுவரலாம்.

சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும். ஒன்று ‘இன்க்ளூடிங்’, இன்னொன்று ‘சச் ஆஸ்’. தமிழில் சொன்னால் ‘உள்ளிட்ட’, ‘போன்ற’. நாம் இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கிறோம். ‘காமராஜர், ராஜாஜி போன்ற தலைவர்கள்’, ‘காமராஜர், ராஜாஜி உள்ளிட்ட தலைவர்கள்’. பத்திரிகைக்காரர் எதை எழுதினாலும் நமக்கு ஒன்றுதான். டீக்ஸில் அப்படியில்லை. ‘உள்ளிட்ட’ என்று வந்தால் அந்தப் பெயர்களைக் கட்டாயம் நடத்த வேண்டும். ‘போன்ற’ என்று வந்தால் அவை வெறும் உதாரணம். ஆசிரியர் விரும்பினால் எடுக்கலாம், விட்டுவிடலாம். ஆவணத்தின் முன்னுரையிலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால் ஒருவரை ‘உள்ளிட்ட’ பட்டியலில் ஏற்றவும், ‘போன்ற’ பட்டியலுக்கு இறக்கவும் ஆள் திரட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பெயர்களின் வரிசைக்கும் அர்த்தம் உண்டு. 2010-ல் சமூக அறிவியல் தரநிலைகளைத் திருத்தினார்கள். அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரின் காரணங்கள் என்ற இடத்தில் பிராந்தியப் பிளவு, மாநில உரிமைகள், அடிமைமுறை என்று எழுதினார்கள். மூன்றும் இருக்கிறது, யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அடிமைமுறை மூன்றாவது இடத்தில். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எந்தக் காரணத்தை முதலில் மனப்பாடம் செய்யும்? பாடம் நடத்தியவனுக்கு அது தெரியும்.

அந்த 2010 சீராய்வு டெக்சாஸில் இன்றும் பேசப்படுகிற ஒன்று. பணிக்குழு கொடுத்தது சுமார் 120 பக்கம். சில மாதங்களில் வாரிய உறுப்பினர்கள் நூறுக்கும் மேற்பட்ட திருத்தங்களை ஏற்றினார்கள், பலதும் கூட்டத்திலேயே முன்மொழிந்து அங்கேயே வாக்கெடுத்து. உலக வரலாற்றில், அரசியல் புரட்சிகளைத் தூண்டிய சிந்தனையாளர்கள் என்று ஒரு வரி உண்டு. அதிலிருந்து தாமஸ் ஜெஃபர்சனை எடுத்துவிட்டு கிறிஸ்தவ இறையியலாளர்களான அக்குவைனஸ், கால்வின், ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் ஆகியோரைச் சேர்த்தார்கள். சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் ஜெஃபர்சன்! அமெரிக்க வரலாற்றுப் பாடத்தில் அவர் இருந்தார், உண்மைதான். இருந்தாலும் நாடு முழுக்கக் கூச்சல். மே மாதம் கடைசி வாக்கெடுப்பின்போது அவரைத் திரும்பச் சேர்த்துவிட்டு, முழு ஆவணத்தையும் ஒன்பதுக்கு ஐந்து என்ற வாக்கில் நிறைவேற்றினார்கள். ஆதரித்தவர்கள் வலதுசாரிக் குடியரசுக் கட்சியார், எதிர்த்தவர்கள் ஜனநாயகக் கட்சியார். வேடிக்கை என்னவென்றால், மறு ஆண்டு ஃபோர்டாம் நிறுவனம் எல்லா மாநிலங்களின் வரலாற்றுத் தரநிலைகளுக்கும் மதிப்பெண் போட்டது. அது வலதுசாரிச் சாய்வுள்ள கல்வி ஆய்வு அமைப்பு. அதுவே டெக்சாஸுக்கு ‘டி’ கொடுத்தது.

2018-ல் வேறு பிரச்சினை. பாடம் அதிகம், முடிக்க முடியவில்லை என்று ஆசிரியர்கள் குறைப்பட்டார்கள். நாமும் பிப்ரவரி மாதம் சொல்கிற அதே வசனம்தான். சரி, குறைப்போம் என்று பணிக்குழு உட்கார்ந்தது. யாரை வெட்டுவது? ஒரு மதிப்பெண் பட்டியல் தயாரித்தார்கள். இவரால் பெரிய திருப்பம் ஏற்பட்டதா, இவருடைய தாக்கம் காலத்தைத் தாண்டி நிற்குமா என்றெல்லாம் கேள்விகள். மொத்தம் இருபது மதிப்பெண். ஹிலாரி கிளின்டனுக்கு ஐந்து. பார்வையும் கேட்கும் திறனும் இழந்தும் படித்துப் பெயர் பெற்ற ஹெலன் கெல்லருக்கு ஏழு. இருவரும் ஃபெயில்.

மூன்றாம் வகுப்பிலிருந்து ஹெலன் கெல்லரை எடுத்தால் நாற்பது நிமிடம் மிச்சம், உயர்நிலைப் பள்ளியிலிருந்து கிளின்டனை எடுத்தால் முப்பது நிமிடம் மிச்சம் என்று கணக்கும் கொடுத்தார்கள். எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் பொறாமையும். எங்கள் பாடம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆகும் என்று ஒருவராவது எங்களைக் கேட்டாரா?

செப்டம்பரில் முதற்கட்ட வாக்கெடுப்பில் இரண்டு பெயரும் நீக்கம். செய்தி பரவி, கடிதங்களும் சாட்சியங்களும் குவிந்தபின் நவம்பரில் இரண்டு பெயரும் திரும்ப வந்தன. அதே நவம்பரில், அதிகச் சத்தம் இல்லாமல், உள்நாட்டுப் போர் வரியையும் மாற்றினார்கள். போருக்கு அடிமைமுறையின் விரிவாக்கம்தான் மையக் காரணம் என்ற பொருளில் அது திருத்தப்பட்டது. மூன்றாவது இடத்திலிருந்த சொல் முன்னால் வர எட்டு வருடம் ஆகியிருக்கிறது.

நான் அங்கே இருந்த 2022 கோடையில் அடுத்த சுற்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் வகுப்புக்கு வரைவு எழுதிய ஒன்பது கல்வியாளர்கள் கொண்ட குழு, ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகப் பிடித்து வந்ததை ‘விருப்பமில்லா இடப்பெயர்வு’ என்று எழுதியிருந்தது. அயர்லாந்துக்காரர்கள் விரும்பிக் குடியேறியதோடு ஒப்பிட்டு நடத்த வேண்டுமாம். ஏதோ பணியிட மாறுதல் ஆணை வந்து கிளம்பியது போல! இங்கே சொதப்பியது வாரியம் இல்லை. வாரியம்தான் ஒருமனதாக, இதைத் திருத்திக் கொண்டுவாருங்கள் என்று குழுவுக்குத் திருப்பி அனுப்பியது. அரசியல்வாதி கெடுப்பான், ஆசிரியர் காப்பாற்றுவார் என்று நான் மனதுக்குள் எழுதிவைத்திருந்த கதைக்கு அது சரியான அடி.

ஆகஸ்டில் வாரியத்தின் விசாரணையை நேரலையில் பார்த்தேன். மகள் அலுவலக வேலை பார்க்க, பக்கத்தில் நான். ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். எழுதிக் கொண்டுவந்த தாளை மூச்சுவிடாமல் வாசிக்கிறார்கள். நேரம் முடிந்தால் பாதி வாக்கியத்திலேயே நிறுத்தச் சொல்கிறார்கள். அன்று கேட்ட பேச்சில் பாதி அபத்தம். பள்ளிக்கூடப் பக்கம் போய் வெகுகாலம் ஆனவர்கள் பேசுகிற பேச்சு. ஆனால் எந்த வரியை யார் மாற்றச் சொன்னார், யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்பது பெயரோடு பதிவாகிறது. எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. எப்படியோ, கோடை முடிவதற்குள் முழுச் சீராய்வையும் 2025-க்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

நம் ஊரில் கேட்க ஓர் இடமே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். 2017-ல் பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்துப் புதிய பாடத்திட்டம் எழுதினார்கள். அந்த நவம்பரில் வரைவை இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். 2018 ஜூனில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புத்தகம் வந்தது. அந்த வரைவை நானும் திறந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பகுதியில் இரண்டு இடத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. குறித்தும் வைத்தேன். அரையாண்டுத் தேர்வு வேலை வந்துவிட்டது, அனுப்பவில்லை. அடுத்த ஜூனில் அதே இரண்டு இடத்தைக் காட்டி ஸ்டாஃப் ரூமில் அரை மணி நேரம் புலம்பினேன்.

ஆகஸ்டில் பேத்திக்கு மூன்றாம் வகுப்பு தொடங்கியது. ஊருக்குத் திரும்ப நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரம், அவள் பள்ளியிலிருந்து வந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். என் உள்ளங்கையை இழுத்து விரலால் எழுத்து எழுதிக் காட்டினாள். ஹெலன் கெல்லருக்கு டீச்சர் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாராம். விடுவேனா? “பாடம் நாற்பது நிமிஷத்துல முடிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“இல்ல தாத்தா, எல்லாரும் மாத்தி மாத்திக் கையில எழுதிப் பார்த்தோம், பெல் அடிச்சுட்டாங்க. மீதி நாளைக்கு” என்றாள்.

வணக்கம்.