எதிர்த்து நின்றவர்களையே படையில் சேர்த்த கதை: கூர்க்காக்கள்

[திரையில்: டேராடூன், நாலாபானி மலை]

1814 அக்டோபர். டேராடூன் பக்கத்தில் நாலாபானி மலைமேல் ஒரு சின்னக் கோட்டை. உள்ளே நேபாளத்தின் கூர்க்காப் படைத்தலைவர் பல்பத்ர குன்வர் தலைமையில், பெண்கள் குழந்தைகள் உட்பட சுமார் 600 பேர். கீழே பீரங்கிகளோடு கிழக்கிந்தியக் கம்பெனிப் படை. கோட்டையைப் பிடிக்க ஏறிய கம்பெனித் தளபதி கில்லெஸ்பி, அக்டோபர் 31 அன்று குண்டு பட்டு இறந்தார். அதற்குப் பிறகும் ஒரு மாதம் கோட்டை விழவில்லை. தண்ணீரை மறித்த பிறகுதான் உள்ளே இருந்தவர்கள் தளர்ந்தார்கள். அப்போதும் பல்பத்ரர் சரணடையவில்லை. மிஞ்சிய சுமார் 70 பேரோடு வெளியேறி மலைகளுக்குள் போய்விட்டார். பின்னால் ஆங்கிலேயர்கள் டேராடூனில் இரண்டு நினைவுத் தூண்கள் எழுப்பினார்கள். ஒன்று தங்கள் ஆட்களுக்கு. மற்றொன்று அந்த எதிரிக்கு!

கம்பெனி வெறும் பாராட்டோடு நிற்குமா? நேபாளத்தோடு நடந்த அந்தப் போர் முழுதாக முடிவதற்குள், 1815லேயே, நசிரி, சிர்மூர், குமாவுன் என்று பட்டாளங்களைத் தொடங்கிவிட்டது. எதிரிப் படையிலிருந்து வந்தவர்களோடு, பக்கத்து மலைப் பகுதிகளின் குமாவுனி, கர்வாலி ஆட்களும் அவற்றில் சேர்ந்தார்கள்.

[திரையில்: நேபாள வரைபடம்]

சரி, கூர்க்கா என்பது ஒரே இனமா? இல்லை. கோர்க்கா, காத்மாண்டுவுக்கு மேற்கே இருக்கும் மலை ஊர். அதன் அரசர் பிருத்வி நாராயண் ஷா 1768-69ல் காத்மாண்டு பள்ளத்தாக்கைப் பிடித்தார். மகர், குருங், ராய், லிம்பு எல்லாம் தனித்தனி மொழி பேசும் மக்கள். பட்டாளத்தில் சேர்ந்தால் எல்லோரும் கூர்க்கா.

1857ல் டெல்லியில் சிர்மூர் பட்டாளம் ஆங்கிலேயர் பக்கம் நின்றது. ‘பிறவிப் போர் இனம்’ என்ற பேச்சு வலுத்தது அதற்கு அப்புறம்தான். என்னைக் கேட்டால், அது ஆங்கிலேயர் தங்கள் வசதிக்குக் கட்டிய கதை. மலை நிலத்தில் விளைவது குடும்பத்துக்குப் போதாது. ஒரு பிள்ளை பட்டாளத்துக்குப் போனால் வீட்டுக்குப் பணம் வரும். 1919ல் ஜாலியன்வாலா பாக்கில் டயரின் உத்தரவுப்படி சுட்ட சிப்பாய்களில் கூர்க்காக்களும் இருந்தார்கள். வீரக் கதை சொல்பவர்கள் இதை வசதியாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

1947ல் பத்து ரெஜிமெண்டுகளில் ஆறு இந்தியாவுக்கு, நான்கு பிரிட்டனுக்கு. 1949லிருந்து சிங்கப்பூர் போலீசிலும் ஒரு தனிப் பிரிவு. பிரிட்டனுக்காகச் சண்டை போட்ட முதியவர்கள், சமமான பென்ஷன் கேட்டு 2021ல் லண்டனில் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

2022ல் இந்தியா அக்னிபத் திட்டத்தைக் கொண்டுவந்தது. சேருகிற பெரும்பாலானோருக்கு நான்கே ஆண்டு வேலை, பென்ஷன் கிடையாது. நேபாளம் இதை ஏற்கவில்லை. இந்தியப் படைக்குத் தன் மண்ணில் ஆள் எடுப்பதை அந்த ஆண்டே நிறுத்தி வைத்தது.