வெண்ணெய் கையில்தான் இருக்கிறது

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தில் பேசியது)

அவையோருக்கு வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, விடுமுறை நாளிலும் நமக்காக நூலகத்தைத் திறந்து வைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, வேலையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கும் பேரூராட்சி உறுப்பினர் அவர்களே, நாற்காலியும் மைக்கும் வாடகை வாங்காமல் அனுப்பிவைத்த பந்தல்கார அண்ணன் அவர்களே, எல்லோருக்கும் என் நன்றி. ஐயாவிடம் நான் எட்டாம் வகுப்பு படித்தவன். அவர் தலைமையில் பேசக் கிடைத்தது என் பாக்கியம்.

இன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த நான்கு இசையமைப்பாளர்களைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். ஹங்கேரியின் பேலா பார்டோக், அவருடைய நண்பர் சோல்டான் கோடாய், இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவின் யானாச்செக், இங்கிலாந்தின் வான் வில்லியம்ஸ்.

என் அப்பத்தா அடிக்கடி ஒன்று சொல்லும்: 'வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?' இந்த நால்வரும் கையிலிருந்த வெண்ணெயை, அதாவது தங்கள் ஊர் மக்களின் பாட்டையும் பேச்சையும், கண்டுகொண்டவர்கள்.

பார்டோக் பிறந்தது 1881இல். ஏழு வயதில் தந்தையை இழந்தார். பியானோ சொல்லிக்கொடுத்துத்தான் அம்மா பிள்ளைகளை வளர்த்தார். புடாபெஸ்டில் படித்து முடித்த பார்டோக், மற்றவர்களைப் போலவே ஜெர்மானிய மேதைகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். நகரத்து விடுதிகளில் இசைக்குழுக்கள் வாசித்ததையே ஹங்கேரிய இசை என்று ஊரே நம்பிய காலம் அது.

1904 கோடைக்காலம். ஒரு கிராமத்தில் தங்கியிருக்கிறார், வயது 23. பக்கத்து அறையில் ஒரு பெண் பாடுகிறாள். பெயர் லிடி டோஷா. அன்றைக்கு ஹங்கேரியோடு இருந்த டிரான்சில்வேனியாவிலிருந்து பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவள். சேற்றில் விழுந்த சிவப்பு ஆப்பிளைப் பற்றிய பாட்டு. பார்டோக் அவளைத் திரும்பப் பாடச் சொல்லி எழுதிக்கொண்டார். இன்னும் வேண்டும், அதுவும் பழைய பாட்டுத்தான் வேண்டும் என்றார். அவர் விரும்பியதெல்லாம் அவள் தன் பாட்டியிடம் கற்றவை. இசைக் கல்லூரி கொடுக்காததை ஒரு வேலைக்காரப் பெண்ணின் பாட்டி கொடுத்தாள்!

அடுத்த ஆண்டே கோடாயைச் சந்தித்தார். 1906இல் இருவரும் இருபது நாட்டுப்பாடல்களைப் பியானோ இசையோடு வெளியிட்டார்கள். அப்புறம் எடிசன் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுப் பெட்டியையும், பாட்டு பதிவாகும் மெழுகு உருளைகளையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

இந்த இடத்தில் ஒரு கதை. 1907இல் டிரான்சில்வேனியாவிலிருந்து பார்டோக் ஒரு கடிதம் எழுதினார். ஸ்டெஃபி கெயர் என்ற வயலின் கலைஞருக்கு. அவர்மேல் பார்டோக்குக்குப் பெரிய காதல். ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு கிழவியோடு தான் பட்ட பாட்டை நாடகம் மாதிரி எழுதியிருக்கிறார். வீட்டு வாசலில் போய் நிற்கிறார். பழைய பாட்டு ஏதாவது தெரியுமா என்று கேட்கிறார். கிழவிக்குச் சந்தேகம். நகரத்திலிருந்து இவ்வளவு தூரம் பாட்டுக் கேட்கவா ஒருவர் வருவார்? நம்மைக் கேலி செய்கிறாரோ? இவர் கெஞ்சுகிறார், விளக்குகிறார். சரி என்று கடைசியில் வாயைத் திறந்தால் தேவாலயப் பாட்டு வருகிறது. ஐயோ, அது இல்லை அம்மா, உங்கள் சிறு வயதில் பெரியவர்கள் பாடியது என்கிறார். வேறொன்று பாடுகிறாள், அது நகரத்திலிருந்து வந்த புதுப்பாட்டு. தன்னிடம் இருப்பது எதற்கு உதவும் என்று அவளுக்கே புரியவில்லை. அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஆனாலும் மறுநாள் அடுத்த வாசலுக்குப் போனார்.

நம் வீட்டில் கேட்டுப் பாருங்கள். 'எனக்கென்னப்பா தெரியும்' என்றுதான் நம் பாட்டிமார்களும் சொல்வார்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு!

முதல் உலகப்போர் வந்தது. 1920 ஒப்பந்தத்தில் டிரான்சில்வேனியா ருமேனியாவுக்குப் போனது. பார்டோக் கால் தேய நடந்த ஊர்கள் எல்லைக்கு அப்பால் ஆகிவிட்டன. பத்து ஆண்டு தள்ளிப்போட்டிருந்தால் அந்தப் பாட்டுகளில் எத்தனை மிஞ்சியிருக்கும்? 1940இல் அவர் அமெரிக்கா போனார். அங்கேயும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து, செர்போ-குரோவேஷிய நாட்டுப்பாடல் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். 1945இல் நியூயார்க்கில் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது, பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் அவருடைய மூன்றாவது பியானோ கான்சர்ட்டோவில், கடைசிப் பதினேழு தாளக்கட்டங்களுக்கு இசைக்குழுவின் பகுதி மட்டும் எழுதி முடியாமல் இருந்தது.

யானாச்செக் தெருவில் மக்கள் பேசுவதையே ஸ்வரமாக எழுதி வைத்தவர். வான் வில்லியம்ஸ் 1903இல் எசெக்ஸ் கிராமத்து முதியவர் ஒருவரிடம் பாட்டுக் கேட்டு அப்படியே பிடித்துக்கொண்டவர். அவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

என் அப்பத்தாவுக்கு நடவுப் பாட்டு எத்தனையோ தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. என் சட்டைப்பையில் எப்போதும் செல்பேசி இருந்தது. படம் எடுத்தேன். ஒரு பாட்டைப் பதிவு செய்யவில்லை. இப்போது எனக்கு இரண்டு அடிகூட முழுதாக நினைவில்லை. நெய்க்கு அலைந்தவன் நான்தான்.

அதனால் கேட்கிறேன். பார்டோக் சுமந்த பெட்டியும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். செல்பேசியை மடித்த துண்டின் மேல் வையுங்கள். பாடுபவர் பெயர், வயது, ஊர், யாரிடம் கற்றார், எப்போது பாடுவார்கள் என்பதை முதலில் சொல்லச் சொல்லுங்கள். பார்டோக்கும் பாடியவரின் பெயர், வயது, ஊர் எல்லாம் குறித்து வைத்தவர்தான். தாலாட்டு, ஒப்பாரி, நடவு, கும்மி, எதுவானாலும் சரி. 'எனக்குத் தெரியாது' என்றால் எழுந்து வராதீர்கள். காபி குடித்துவிட்டு இன்னொரு முறை கேளுங்கள். பதிவுகளை வைக்க இந்த நூலகக் கணினியில் ஒரு இடம் வேண்டும் என்று உறுப்பினர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

வாசல் மேசையில் நூலகர் அம்மா ஒரு நோட்டு வைத்திருக்கிறார். யார் வீட்டில் பாடுகிறவர்கள் இருக்கிறார்களோ, தெருப் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். பந்தல்கார அண்ணனின் அம்மாவுக்கு 86 வயது. ஒப்பாரியில் அவரை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகிறோம்.