ஆடுற மாட்டை ஆடித்தான் கறக்கணும்
(கொடி நாள் கூட்டத்தில் பேசியதை எழுதித் தரச் சொன்னார்கள். பேசியபடியே தருகிறேன்.)

மேடையில் வீற்றிருக்கும் கர்னல் ஐயா அவர்களே, கோட்டாட்சியர் அம்மா அவர்களே, இந்த மழையிலும் வண்டி பிடித்து வந்து சேர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர் நலத்துறை உதவி இயக்குநர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, ரோட்டரித் தலைவர் அவர்களே, எதிரே உட்கார்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, அவர்களைவிட முக்கியமாக, அவர்கள் வீட்டுப் பெண்களே, எல்லோருக்கும் வணக்கம். ரைஸ்மில் ஐயா பெயரை விட்டுவிட்டேன் என்று துண்டுச்சீட்டு வருகிறது. ஐயா, இந்தப் பந்தலே உங்கள் உபயம், உங்களை விட முடியுமா? போன வருஷம் நீங்கள் போர்த்திய சால்வைதான் இன்று என் தோளில் கிடக்கிறது.

1949லிருந்து டிசம்பர் 7ஆம் தேதி கொடி நாள். சட்டையில் சின்னக் கொடி குத்துகிறோம், உண்டியலில் காசு போடுகிறோம், டீ குடிக்கிறோம், கலைந்து போகிறோம். இந்த வருஷம் நோட்டீசில் 'முன்னாள் படைவீரர் மனநலத்துக்கு கோல்ஃப்' என்று போட்டதும் டீக்கடையில் ஒரே சிரிப்பாம். வெண்ணாற்றங்கரையில் கோல்ஃபா, வாத்தியாருக்கு வயசாகிவிட்டது என்று. சிரிக்கட்டும். நான் மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, அந்த ஆட்டம் ஒரு சிப்பாயின் உடம்புக்கும் மனசுக்கும் என்ன செய்கிறது. இரண்டு, அவர் குடும்பத்துக்கு என்ன செய்கிறது. மூன்று, செலவு.

ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். என்னிடம் படித்தவர்களுக்கு இது காது புளித்துப்போன பழமொழி, பரவாயில்லை. பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு நாற்பதுக்குள் ஊர் திரும்புகிறவரிடம் 'மனசு விட்டுப் பேசுங்க' என்றால் பேசிவிடுவாரா? மாத்திரை வேண்டியவருக்கு மாத்திரைதான், டாக்டரை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் டாக்டர் அறைக்குள் வராத பேச்சு வேறெங்கோ வருகிறது. 1948ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்கள் கையில் குட்மன் என்ற டாக்டர் வில்லும் அம்பும் கொடுத்துப் போட்டி வைத்தார், பாராலிம்பிக் வளர்ந்தது அதிலிருந்துதான். நம் ராணுவத்திலேயே முரளிகாந்த் பேட்கர் இல்லையா? குத்துச்சண்டைக்காரர். 1965 போரில் குண்டு பாய்ந்து கால் விழுந்துபோனது. நீச்சலுக்கு மாறினார். 1972ல் ஹைடல்பெர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம், இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் தங்கம்.

கோல்ஃபுக்கு வருகிறேன். அமெரிக்காவில் கோல்ஃப் பயிற்றுநர்கள் சங்கமான பிஜிஏவின் அறக்கட்டளை 'பிஜிஏ ஹோப்' என்று ஒரு பயிற்சி நடத்துகிறது. முன்னாள் படைவீரர்களுக்கு இலவசம், ஆறிலிருந்து எட்டு வாரம். டகோமா பக்கம் அமெரிக்கன் லேக் என்ற இடத்தில் காயம்பட்ட வீரர்களுக்கென்றே ஒரு மைதானம் இருக்கிறது, தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், அதில் பந்தை விழவைக்கிற ஒன்பது குழியைப் பெரிய கோல்ஃப் ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் கூலி வாங்காமல் வடிவமைத்துக் கொடுத்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவரைத் தூக்கி நிறுத்தி அடிக்க வைக்கிற வண்டிகூட உண்டு. பார்வையில்லாதவருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று மட்டையைப் பந்துக்கு நேராக வைத்துக் கொடுத்தால் போதும், அடிப்பது அவர்தான். யாரும் மேலே வந்து மோதுவதில்லை. நடக்கணும், நிற்கணும், மூச்சை அடக்கி ஒரு பந்தைப் பார்க்கணும், அடிக்கணும், மறுபடி நடக்கணும். காவல் நின்று பழகிய உடம்புக்கு இது புதுசில்லை. இப்போது அந்த உடம்பு காவல் காக்க வேண்டியது ஒரு வெள்ளைப் பந்தை மட்டும்.

இங்கே ஒரு கதை. ஆளைச் சொல்லமாட்டேன், கூட்டத்தில்தான் இருக்கிறார்.

சியாச்சினில் உறைபனி கடித்து வலது காலில் மூன்று விரலைக் கொடுத்துவிட்டு வந்த ஹவில்தார். திண்ணைதான் அவருக்கு உலகம். தீபாவளி வந்தால் வெடிச்சத்தம் தாங்காமல் வயலில் மோட்டார் கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொள்வார், பெண்டாட்டி சோறு கொண்டுபோய்க் கொடுக்கும். ஒரு கோடையில் மகள் அவருடைய டிரங்குப் பெட்டியைக் குடைந்ததில் மூன்று கோல்ஃப் பந்தும் பிடி உடைந்த ஒரு மட்டையும் கிடைத்தன. நீலகிரி வெலிங்டனில் இருந்தபோது ஆபீசர்களுக்குப் பை தூக்கியிருக்கிறார். (கர்னல் ஐயா சிரிக்கிறார். ஐயா, புல் வெட்டுவதும் பை தூக்குவதும் சிப்பாய், ஆடுவது ஆபீசர், அதானே வழக்கம்?) மனுஷன் மட்டையைச் சீவிச் சரிசெய்து, சம்பா அறுத்து வெடித்துக் கிடந்த வயலில் இறங்கிவிட்டார். குழி 108 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும், டம்ளர் பத்தாது. அடுக்களையிலிருந்து அரைப்படியைக் கிளப்பிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டார்! 'பதினெட்டு குழி வேணும்' என்று அவர் புலம்பியதைக் கேட்டு, தலையாரி அதை நிலக்கணக்குக் குழி என்று நினைத்து, யார் நிலம் வாங்கப்போகிறார் என்று விசாரித்தது தனிக்கதை.

சாயங்காலம் அந்த அம்மா அரிசி அளக்கப் போனால் படியைக் காணோம். தேடிக்கொண்டு வயலுக்கு வந்து பார்த்துவிட்டு, 'எங்கம்மா சீராக் கொடுத்த படி, அதை மண்ணுல போட்டுட்டு கிட்டிப்புள்ளா ஆடுறீங்க?' என்று மட்டையைப் பிடுங்கி, இருந்த கோபத்துக்குப் பந்தை ஒரு போடு போட்டதே பார்க்கணும், வரப்பைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, பக்கத்து வயலில் மேய்ந்த எருமையின் முதுகில் போய் விழுந்தது. எருமை கட்டை அறுத்துக்கொண்டு ஓடுகிறது, எருமைக்காரர் பின்னாலேயே ஓடுகிறார், இவர் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அப்பா சிரிச்சு நான் பார்த்ததே அப்பதான் சார் என்று மகள் என்னிடம் சொன்னது.

அப்புறம் மேட்டூர் திறந்து வயலுக்குத் தண்ணீர் வரும்வரை தினம் மூன்று பேரும் ஆடினார்கள். பாதி நேரம் பந்து தேடுவதுதான் வேலை. அந்தத் தேடலில்தான் பேச்சு வந்திருக்கிறது. முகம் பார்த்துக் கேட்டால் சொல்லாத சியாச்சின் கதையை, குனிந்து வெடிப்புக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டே மகளிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவும் சொன்னதாம், அவர் இல்லாத காலத்தில் மணியார்டரை வைத்து இரண்டு வெள்ளத்தை எப்படிக் கடந்தோம் என்று. ஆடுற மாட்டை ஆடித்தான் கறக்கணும், சொன்னேனா இல்லையா? என் இரண்டாவது விஷயமும் இதிலேயே முடிந்தது.

கோல்ஃப் மைதானம் என்றால் புல்தரையாச்சே, அதற்கு ஏது தண்ணீர் என்று கேட்பீர்கள். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக 2020ல் சட்டம் போட்டு அறிவிக்க வைத்தவர்கள் நாம். நெல் விளையும் மண்ணில் புல் வளர்க்க நானே விடமாட்டேன். எனக்கு வேண்டியது வாய்க்கால் கரை மைதானம். நான் பையன்களை ஓடவிட்ட மைதானம் அது. இன்று அதன் நிலைமை என்ன? தூர்வாரிய மண்ணைக் கொட்டினார்கள், சரி, மண்தானே என்று விட்டோம். அதன்மேல் குப்பை லாரி வந்தது. ஓர் அலுவலகத்தில் கேட்டால் அடுத்த அலுவலகத்தைக் காட்டுகிறார்கள், அங்கே போனால் பழைய இடத்துக்கே அனுப்புகிறார்கள். குப்பையை எடுத்து, மண்ணைச் சமன்செய்து, ரோலர் விட்டுத் தண்ணீர் தெளித்தால் ஒன்பது குழிக்குத் தளம் தயார். பந்து மண்ணிலும் உருளும். ஒரு பக்கம் கோல்ஃப், ஒரு பக்கம் வாலிபால், வேப்பமரத்தடியில் பெஞ்சு, பெண்களுக்கு ஒரு கழிப்பறை. கழிப்பறை இல்லாமல் 'குடும்பத்தோடு வாங்க' என்று சொல்வதெல்லாம் சும்மா. கோல்ஃப் பிடிக்காதவர் சிலம்பம் சுற்றட்டும், பாடுற மாடும் இருக்கிறதே. கார்கில் போரில் படாலிக்கில் உயிர்விட்ட மேஜர் சரவணன் நம் திருச்சிப் பிள்ளை, அவருக்குத் தூண் வைத்தோம், நல்லது. உயிரோடு திரும்பி வந்தவர்களுக்கு ஒரு மைதானம் கேட்கிறேன்.

தலைவர் மணி அடித்துவிட்டார். செலவுக் கணக்கை, அதாவது மூன்றாவது விஷயத்தை, ரைஸ்மில் ஐயாவிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன், அவருக்கும் அதுதான் நல்லது. மனு பின்வரிசை மேஜையில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கையெழுத்து என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள், அம்மாக்களும் தனியாகப் போடணும், பதினெட்டு முடிந்த பிள்ளைகளும் போடணும். கோட்டாட்சியர் அம்மா ஆறு மணிக்குக் கிளம்புகிறார்களாம், அதற்குள் அவர்கள் கையில் கொடுத்தாக வேண்டும். டீ அப்புறம் குடிக்கலாம்.