தீபாவளி முடிந்து மூன்றாம் நாள்: செகிஞ்சானில் இரண்டு இரவு

வணக்கம் மக்களே, பசியாறியாச்சா? நான் கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் குக்கர் விசில் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா பருப்பு போட்டிருக்கிறார்.

போன காணொளிக்குக் கீழே நிறையப் பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீர்கள். விமானம் ஏறாமல், கேமரன் மலை நெரிசலில் மாட்டாமல், வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பக்கத்தில் எங்கே போகலாம் என்று. நாங்களே இந்தத் தீபாவளிக்கு அப்படித்தான் போகப்போகிறோம். நாங்கள் என்றால் நான், அம்மா, அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர். இடம் கோலசிலாங்கூர், செகிஞ்சான் பக்கம். ராத்திரி ஆற்றில் படகு ஏறி மின்மினி பார்ப்பதுதான் முக்கியம். செகிஞ்சான் இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர்தான்.

முதலில் இதைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டக் காட்டுகிறேன். நம் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்கும் அதே தேதி கிழிக்கிற நாட்காட்டி. நான் விடுதி தேடுவதற்கு முன்னால் பார்த்தது இதைத்தான். மின்மினி பார்க்க இருட்டு வேண்டும், நிலா வெளிச்சம் இருந்தால் பாதி அழகு போய்விடும். தைப்பூசத்துக்கு லீவு கிடைக்கிறதே, அதோடு ஒரு நாள் சேர்த்துப் போகலாம் என்று பலருக்கும் தோன்றும். ஆனால் தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது, வானம் பளிச்சென்று இருக்கும். ஒரு வருடம் நாங்கள் அப்படிப் போய்த்தான் ஏமாந்தோம். தீபாவளியோ அமாவாசையை ஒட்டியே வரும். மூன்றாம் பிறை வரைக்கும் நிலா சீக்கிரமே இறங்கிவிடும். அதனால் தீபாவளிக்கு மூன்றாம் நாள் கிளம்புகிறோம்.

அமாவாசையன்றே போனால் என்ன என்று கேட்பீர்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் மீன், கறி எதுவும் கிடையாது. செகிஞ்சான் மீன்பிடி ஊர். அங்கே போய் அம்மா மட்டும் தயிர்சாதம் சாப்பிட, நாங்கள் இறால் உரிக்க எனக்கு மனசு வராது.

தீபாவளிச் சமயத்தில் ஒரு சிக்கல் உண்டு, மழை. அக்டோபர், நவம்பரில் நம் மேற்குக் கரையில் சாயங்காலமானால் இடியோடு கொட்டும். மழை கொட்டினால் ஆற்றில் படகு போகாது. அதனால்தான் இரண்டு இரவு. முதல் நாள் மழை பெய்தால் மறுநாள் இருக்கிறது. ஒரே இரவுக்குப் போய், வானத்தைப் பார்த்துப் பார்த்து மனசு அடித்துக்கொண்டிருந்தால் அது ஓய்வே இல்லை.

கம்போங் குவாந்தானுக்குப் போகாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மின்மினி பார்க்கும் இடம் அதுதான், சிலாங்கூர் ஆற்றங்கரையில் இருக்கிறது. நாங்கள் போனபோது துடுப்புப் போடுகிற சம்பான், ஒன்றில் நான்கு பேர். ஏறி உட்கார்ந்ததும் கையை வெளியே நீட்டினால் தண்ணீரைத் தொடலாம், அவ்வளவு தாழ்வு. கரையோரம் பெரெம்பாங் மரங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகப் பழக, ஒரு மரத்தில் இலைக்கு இலை சின்னச் சின்னப் புள்ளிகளாக வெளிச்சம் வரும். அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுக்குவது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாளம் சேர்ந்ததுபோல் மரம் முழுக்க ஒன்றாக மின்னும், ஒன்றாக அணையும். துடுப்பு தண்ணீரில் இறங்குகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். அன்று பௌர்ணமி வெளிச்சத்திலும் ஒரே ஒரு மரம் அப்படித் தெரிந்தது. அதற்காகத்தான் திரும்பப் போகிறேன்.

தயவுசெய்து அங்கே ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். கைப்பேசி விளக்கைக்கூட அணைத்துவிடுங்கள். மின்மினியின் வெளிச்சம்தான் அந்தப் பூச்சிகள் ஜோடி தேடுகிற பாஷை. கொசு மருந்து தடவ வேண்டுமென்றால் காடியிலேயே தடவிவிட்டு இறங்குங்கள், மரத்துப் பக்கத்தில் அடிக்காதீர்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மின்மினியின் புழு ஆற்றங்கரை ஈரமண்ணில் கிடக்கும் சின்ன நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையை வெட்டி, தண்ணீர் ஓரம் வரைக்கும் செம்பனை நட்டுவிட்டால், பெரெம்பாங் மரம் நின்றாலும் மின்மினி வராது. இதைப் பிள்ளைகளுக்குப் படகு ஏறும் முன்பே சொல்லிவைக்கப்போகிறேன். தெரிந்தால் அவர்களே அமைதியாக இருப்பார்கள்.

சரி, தங்குமிடம். போன முறை ஒரு ஹோம்ஸ்டேயில் முன்பணம் கட்டினோம். வயலைப் பார்த்த வீடு என்றார்கள். போனால் அறை பெரிய சடக்கு ஓரத்தில், ராத்திரி முழுக்க லோரிச் சத்தம். அம்மா தூங்கவே இல்லை. இந்த முறை பணம் கட்டுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் நான்கு கேள்வி கேட்டேன். படுக்கை எந்தப் பக்கம், அந்த ஜன்னலிலிருந்து இன்றைக்கு எடுத்த படம் அனுப்ப முடியுமா? சடக்கிலிருந்து எவ்வளவு தூரம்? அம்மாவுக்கு முழங்கால் வலி, கீழ்வீட்டில் அறை உண்டா? அப்புறம் முக்கியமாக, வயலில் இப்போது பயிர் எந்த நிலையில் இருக்கிறது?

அந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். அங்கே வருடத்துக்கு இரண்டு போகம். விதைத்து நான்கு மாதத்துக்குள் அறுத்துவிடுவார்கள். இணையத்தில் பார்க்கிற பச்சையும் பொன்னும் எல்லா நாளும் இருக்காது. அறுவடை முடிந்த கையோடு போனால் வெறும் தாள்தான் நிற்கும், சில இடங்களில் வைக்கோல் எரிக்கும் புகையும் இருக்கும். வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து எடுத்து அனுப்பிய படத்தில் கதிர் வந்து லேசாகத் தலைசாய்ந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் பணம் கட்டினேன்.

காலையில் ஒரே வேலைதான், விடியலில் வயலோரம் நடப்பது. ஏழு மணி ஆகும் விடிய. தாலி ஆயர், அதாவது வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரத்துச் சடக்கு நேராகக் கோடு போட்டதுபோல் போகும், மேடு பள்ளம் கிடையாது, அம்மாவும் நடக்கலாம். பிள்ளைகளுக்கு வாடகைச் சைக்கிள். அப்புறம் மீன்பிடித் துறைக்குப் போய் இறால் வாங்கி வந்து வீட்டிலேயே சமைக்கிறோம். அதற்காகவே அடுப்படி உள்ள வீடாகப் பார்த்தேன். வீட்டிலிருந்து மிளகாய்த்தூளும் புளியும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்கிறேன், அது இல்லாமல் அம்மா குழம்பு வைக்கமாட்டார்.

புக்கிட் மெலாவத்திக்கு ஒரு சாயங்காலம். 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை மலை, 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. பிள்ளைகளுக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம், குரங்குதான் வேண்டும். சாம்பல் நிறக் குரங்குகள், அவற்றின் பச்சைக்குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது மஞ்சளைப் பூசிவிட்டதுபோல் தெரியும்.

கடல் நடுவே மணல்திட்டு, அந்த ஸ்கை மிரர் ஏன் இல்லை என்று கேட்கப்போகிறீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் நன்றாக வற்றும்போதுதான் அந்த மணல்திட்டு வெளியே தெரியும், எங்கள் தேதிக்குப் பொருந்தவும் பொருந்தும். ஆனால் அரை நாள் போய்விடும், அம்மாவுக்குப் படகில் ஏறி இறங்கவும் கஷ்டம். விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் எதையும் எழுதவில்லை.

போகும்போது லத்தார் நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம். நாங்கள் சுங்கை பூலோ வழியாகப் பழைய சடக்கைப் பிடித்து, பெஸ்தாரி ஜெயா பக்கம் திரும்புகிறோம். பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை, 2007-இல் மாற்றினார்கள். அம்மா பிறந்தது அங்கே ஒரு தோட்டத்தில். தாத்தா ரப்பர் பால் எடுக்க மரம் சீவியவர், விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது கையில் விளக்கு எடுத்துப்போவாராம். இப்போது தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இல்லை, முழுக்கச் செம்பனை. கோயில் மட்டும் இருக்கிறது. நேற்று இந்தத் திட்டத்தை வாசித்துக் காட்டியபோது அம்மா மின்மினி என்றதும் நிறுத்தச் சொன்னார். "அப்பல்லாம் லயத்துக்குப் பின்னாலயே வரும்டி, ஆத்தோரம் ஒரு மரம் பூரா மினுக்கும், நாங்க பாவாடையில புடிப்போம்" என்றார். இத்தனை வருடத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

அதனால் முதல் நாள் பகல் இரண்டு மணிக்கு அந்தக் கோயிலில் நிற்கிறோம், எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. சூடமும் தேங்காயும் அம்மா பையில் இப்போதே எடுத்து வைத்துவிட்டார். குக்கர் மூன்றாவது விசில் வந்துவிட்டது, போய் அணைக்கிறேன்.