டெஃப்லான் தாளில் தங்கிய மின்சாரம்

கடலூர், புதுச்சேரி மைக் செட் தொழிலாளத் தோழர்களே, வணக்கம்.

காலர் மைக்கின் தலையைக் கழற்றினால் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு அலுமினியக் கிண்ணி இருக்கும். கடையில் 'கண்டன்சர் மைக்' என்று கேட்டால் தருவார்களே, அதுதான். தானே மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் இந்த 'எலெக்ட்ரெட்' வகை, ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் 1962-இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் செய்தது. வெஸ்ட் 1931-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். இயற்பியல் படித்தால் நம்மவருக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று வீட்டில் பயந்தார்கள். பிள்ளை கேட்கவில்லை.

பழைய வகைக் கண்டன்சர் மைக்கை வென்ட் என்பவர் 1916-இலேயே செய்துவிட்டார். மெல்லிய தகடு ஒன்று, பின்னால் கெட்டித் தகடு ஒன்று, நடுவே மயிரிழை இடைவெளி. சத்தம் பட்டு முன்தகடு அசைந்தால் மின்னழுத்தம் ஏறி இறங்கும். ஆனால் தகட்டில் மின்னூட்டம் நிற்க, வெளியிலிருந்து 200 வோல்ட் அளவுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டுடியோவுக்குச் சரி, தேவனாம்பட்டினம் மாசி மகத்துக்கு ஆகுமா?

வெஸ்ட் ஒரு ஹெட்போனைச் சோதிக்கும்போது, பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது பாடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்த பிளாஸ்டிக் தாள் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருந்தது. மெழுகில் இதை ஜப்பானியர் முன்பே செய்திருந்தார்கள்; ஈரக் காற்றில் நிற்கவில்லை. ஒட்டாத தோசைக்கல்லில் பூசுவார்களே, அந்த டெஃப்லானில் செய்த தாளில் நின்றது. ஒரு பக்கம் மட்டும் உலோகம் பூசிய அந்தத் தாளே முன்தகடு ஆனது; வெளியிலிருந்து 200 வோல்ட் தேவைப்படவில்லை. காப்புரிமை 1964 ஜனவரி 14-இல் கிடைத்தது.

அப்படியானால் பேட்டரி எதற்கு என்பீர்கள். உள்ளே இருக்கும் எஃப்.இ.டி. என்ற சின்ன டிரான்சிஸ்டருக்குத்தான்; தகட்டின் மெல்லிய சைகையை வெளியே எடுத்துத் தருவது அதுதான். 3 வோல்ட்டை 2.2 கிலோ ஓம் வழியாகக் கொடுத்து, 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாகச் சத்தத்தை எடுங்கள். கிண்ணியின் உடம்போடு ஒட்டிய முனைதான் கிரவுண்ட்; மாற்றிக் கொடுத்தால் பேசாது. மைக் கம்பி வழியாகவே மிக்சர் அனுப்பும் 48 வோல்ட் மின்சாரத்தை, அதாவது ஃபாண்டத்தை, நேரே கொடுக்கவே கூடாது: மிக்சருக்குள் இருக்கும் 6.8 கிலோ ஓமில் 0.5 மில்லி ஆம்பியர் ஓடினால் குறைவது 3.4 வோல்ட்தான், மிச்சம் 44-க்கு மேல். இந்தச் சின்னக் கிண்ணிக்கு 10 வோல்ட்டே அதிகம்.

சால்டரிங் இரும்பை 2 விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு ஏறினால் டெஃப்லானில் நிற்கும் மின்னூட்டம் கசிந்துவிடும். மைக் சாகாது, சத்தம்தான் இளைத்துப்போகும். நம் ஊர் உப்புக் காற்றில் வரும் கரகரப்பு வேறு: எஃப்.இ.டி.யின் நுழைவாயிலில் (கேட் முனையில்) ஈரம் படிந்து கசிகிறது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு நாள் டப்பாவில் மூடி வையுங்கள். கரகரப்பு போனால் ஈரம்தான். போகாவிட்டால் கிண்ணியை மாற்றிவிடுங்கள்.