சத்தம் போடாத வால்வு: உழவு இயந்திரத்தில் இடைவெளி அளப்பது எப்படி?

[காட்சி: பரந்தனில் வீதியோரக் கராஜ். மூடி திறந்த சிவப்பு மெசி பெர்கூசன்.]

காலபோக விதைப்புக்கு முந்திய கிழமைகளில் வன்னியில் எந்தக் கராஜுக்கும் ஓய்வு கிடையாது. மழை இறங்குவதற்குள் உழுதுவிட வேண்டும் என்று எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். அடிக்கடி கேட்கும் குறை இது: “தம்பி, எஞ்சினில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. டப்பெட்டைக் கொஞ்சம் இறுக்கிவிடு.”

டப்பெட் என்று அவர்கள் சொல்வது வால்வின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூவை. அதை இறுக்கினால் சத்தம் நிற்கும். தொல்லையும் அங்கேதான் தொடங்கும்.

[காட்சி: ரொக்கர் ஆர்முக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே நெருக்கமாக.]

ரொக்கர் ஆர்ம் என்பது வால்வின் தண்டை அழுத்தித் திறக்கும் நெம்புகோல். வால்வு மூடியிருக்கும்போது இந்த இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். எஞ்சின் சூடாகும்போது தண்டு நீளும். அந்த நீட்சிக்கு விட்ட இடம் இது. இடம் போதாவிட்டால் வால்வு முழுமையாக மூடாது. புகையை வெளியேற்றும் எக்ஸோஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில், அதாவது மூடும்போது போய் உட்காரும் வளையத்தில், அமரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. அமரவே முடியாத வால்வின் விளிம்பு எரிந்து கருகும், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம்) போகும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இடைவெளி கூடினால் சத்தமும் தேய்மானமும் வரும், இழுவை சற்றுக் குறையும். எனக்குச் சத்தம் போடும் வால்வைவிட ஊமை வால்வின் மீதுதான் பயம். சீட் தேயத் தேய இடைவெளி தானாகவே சுருங்கும். அதைக் காது சொல்லாது.

ஆகவே பீலர் கேஜ்: தடிப்பு பொறித்த மெல்லிய உலோகத் தகடுகளின் கட்டு.

இந்த மெசி 240இல் இருப்பது பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின். குளிர்ந்த நிலையில் ஆறு வால்வுகளுக்கும் 0.30 மில்லிமீட்டர், சூட்டில் பார்த்தால் 0.25. வேறு எஞ்சின் என்றால் அதன் கையேட்டில் உள்ள அளவுதான் கணக்கு. வயலிலிருந்து வந்த கையோடு திறக்காதீர்கள். இரவு முழுவதும் ஆறவிடுங்கள். திறக்குமுன் மூடியைச் சுற்றியுள்ள செம்மண் தூசியைத் துடைத்துவிடுங்கள். அது உள்ளே விழுந்தால் எண்ணெயோடு சேர்ந்து எஞ்சினை அரைக்கும்.

[காட்சி: கிராங்க் கப்பியில் ஸ்பானர்.]

எரிபொருளை நிறுத்தும் ஸ்டொப் கம்பியை இழுத்து வைத்துவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். முதல் சிலிண்டரில் எக்ஸோஸ்ட் மூடி முடிவதும் காற்றை உள்ளே விடும் இன்லெட் திறக்கத் தொடங்குவதும் சந்திக்கும் கணத்தில் நிறுத்தி, அங்கிருந்து சரியாக ஒரு முழுச் சுற்று. இப்போது இரண்டு ரொக்கரும் விரலுக்கு இலேசாக ஆடும். இந்த நிலையில்தான் அளக்க வேண்டும்.

[காட்சி: தகடு நுழைகிறது.]

0.25 தகடு தடையின்றிப் போக வேண்டும். 0.35 நுழையவே கூடாது. துப்பாக்கியின் தோட்டா அறையைச் சோதிப்பவர்களும் இப்படி இரண்டு கேஜ்கள் வைத்திருப்பார்கள்: ஒன்றின்மேல் அறையை அடைக்கும் போல்ட் மூட வேண்டும், மற்றதன்மேல் மூடக் கூடாது. நம் 0.25க்கும் 0.35க்கும் நடுவிலுள்ள 0.30 தகடு மெல்லிய பிடிப்போடு இழுபட்டால் அளவு சரி. இல்லையென்றால் பூட்டு நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைத் திருப்பி, நட்டை இறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது ஸ்குரூவும் சேர்ந்து அசையும். பலர் தவறவிடும் இடம் இது.

இன்னொன்று. ரொக்கரின் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். பழைய எஞ்சின்களில் அங்கே சிறு குழி விழுந்திருக்கும். தட்டையான தகடு அந்தக் குழிக்குள் இறங்காது, மேலாகவே பாலம்போல் கிடக்கும். 0.30 என்று நீங்கள் நம்புவது உண்மையில் 0.40 ஆக இருக்கலாம். அளவு சரி, சத்தம் மட்டும் போகவில்லை என்றால் அங்கே தேடுங்கள். சத்தத்தை அடக்க மேலும் இறுக்கி வைக்காமல், ரொக்கரை மாற்றுங்கள்.

மற்ற இரண்டு சிலிண்டர்களுக்கும் இதே முறைதான். மூடியின் கார்க் பாக்கிங் காய்ந்து வெடித்திருந்தால் புதியது போட்டு மூடுங்கள்.