கல்வெட்டில் பெரிதும் ஒலிப்பது மக்கள் வாழ்வே

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். 'கல்வெட்டுகள் பெரிதும் பேசுவது மன்னர் புகழையா, மக்கள் வாழ்வையா?' என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனைப் புகழும் பகுதியான மெய்க்கீர்த்திகளைக் காட்டி, கல்வெட்டு என்பது வேந்தர் தம்மைத் தாமே புகழ்ந்துகொண்ட விளம்பரம் என்றார். படிக்கத் தெரியாத மக்களுக்குக் கல்லெழுத்தால் என்ன பயன் என்றும் கேட்டார். இரண்டுக்கும் கல்லிலிருந்தே விடை சொல்ல விரும்புகிறேன்.

'திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்' என்று தொடங்கும் முதலாம் ராசராசனின் மெய்க்கீர்த்தி, ஆவணம் எவர் ஆட்சியில் எழுதப்பட்டது என்று நிறுவும் முகப்பு. அதைக் கடந்து உள்ளே சென்றால் நிலத்தின் நான்கெல்லையும், வரியும், நீர்ப்பாய்ச்சல் உரிமையும் வருகின்றன. கோயிலில் அணையாது எரியும் நந்தா விளக்குக்கு விடப்பட்ட 'சாவா மூவாப் பேராடு' 96 என்ற கணக்கு வருகிறது. மந்தையின் எண்ணிக்கை என்றும் குறையாமல் காத்து, கோயிலுக்கு நெய் அளக்க ஒப்புக்கொண்ட இடையரின் பெயர் வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் 'நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லில் வெட்டுக என்று ஆணையிட்டவன் அதே ராசராசன்தான். அந்தக் கோயில் பணிக்கு வந்த ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், எந்தத் தெருச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. வெறும் புகழுக்காகச் செதுக்கியவன் வீட்டு வரிசையை ஏன் செதுக்க வேண்டும்?

மன்னர் பெயரே இல்லாத கற்களும் உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட தீயன் அந்தவன் என்ற வீரனுக்காகத் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் எழுதப்பட்டது. அழகர்மலைக் குகையிலோ உப்பு வணிகரும் பிற வணிகரும் தம் கொடையைத் தம் பெயராலேயே பதித்திருக்கிறார்கள்.

மக்கள் படித்தார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். அகழாய்வு நடந்த கொடுமணலின் பானை ஓடுகளில் ஆட்பெயர்கள் கீறப்பட்டிருப்பதே, எழுத்து அரண்மனைக்குள் அடங்கியிருக்கவில்லை என்பதற்குச் சான்று. படிக்கத் தெரியாதவருக்கும் வழி இருந்தது. அசோகர் கலிங்கத்தில் தௌலியிலும் ஜௌகடாவிலும் பொறித்த தனி ஆணைகள், திஷ்ய விண்மீன் நாளில் அவற்றை வாசித்துக் கேட்பிக்க வேண்டும் என்கின்றன. இன்னொன்றையும் நண்பர் கவனிக்க வேண்டும்: கலிங்கப் போரின் பேரழிவை விவரிக்கும் 13-ஆம் பாறை ஆணை, அந்தக் கலிங்கத்தின் தௌலி, ஜௌகடா பாறைகளில் பொறிக்கப்படவே இல்லை. தோற்ற மக்கள் அதைக் கேட்பார்கள், அவர்கள் மனம் என்ன ஆகும் என்று எண்ணியதால்தான் அது விடப்பட்டது என்று நான் கருதுகிறேன். கேட்போரை ஒரு பொருட்டாக மதிக்காத விளம்பரத்தில் இந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை.

இறுதியாக உத்தரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும், சபை மண்டபத்தின் சுவரிலேயே குடவோலைத் தேர்தல் விதிகள் வெட்டப்பட்டன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. உறுப்பினராக வேண்டுவோர்க்குத் தகுதிகள் இவை: அகவை 35-க்கு மேல், 70-க்குள். வரி செலுத்தும் கால் வேலி (வேலி என்பது நில அளவு) நிலத்துக்கு மேல். சொந்த மனையில் கட்டிய வீடு. வாரியம் என்னும் ஊர்க்குழுவில் பணி செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கு. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கு மட்டுமே அந்தச் சபை இடம் தந்தது என்பதையும், உழுதவர்க்கும் பெண்களுக்கும் அங்கே குரல் இல்லை என்பதையும் நான் மறைக்க வரவில்லை. அது எனக்கு உண்மையான வருத்தம். ஆயினும், கணக்குக் காட்டாதவன் மீண்டும் பதவிக்கு வரக்கூடாது என்ற விதியை ஓலையில் ஒளித்து வைக்காமல், உறுப்பினர் கூடும் இடத்துச் சுவரில், மாற்றி எழுத முடியாதபடி வெட்டியிருக்கிறார்கள். அந்தச் சாசனத்தில் மன்னனுக்கு உரியது 'மதிரை கொண்ட கோப்பரகேசரிவர்மர்க்கு' என்று பராந்தகனைக் குறிக்கும் தொடக்கமும் ஆணையைக் குறிக்கும் சில சொற்களுமே. எஞ்சிய வரிகள் ஊராருடையவை. நடுவர் அவர்கள் அந்த வரிகளை அளந்து பார்த்து எங்கள் அணிக்குத் தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.